நோட்டில் இல்லாத நாலாவது வரி

மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டின் படம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது என் கண்ணில் பட்டுவிடும். மேலே ஆங்கிலம், அடுத்தது தமிழ், அப்புறம் இந்தி. எனக்கும் பெருமைதான். 1998இல் இந்தியைத் தமிழுக்கு மேலே ஏற்றி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன.

ஆனால் அந்த நோட்டை நீட்டிச் சந்தையில் காய் வாங்குகிறவர் பேசும் மொழி அதில் இல்லை. அது கிரியோல். 2011 கணக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவதாகச் சொன்ன மொழி. தமிழ் வம்சாவளியினரில் பெரும்பாலோர் வீட்டிலும் அதுதான்.

டச்சுக்காரர்கள் 1710இல் கைவிட்ட தீவை 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. முதலாளியின் பிரெஞ்சுச் சொற்களை எடுத்துத் தங்களுக்கென்று ஓர் இலக்கணம் கட்டிக்கொண்டார்கள். ‘மோ பே மான்ஜே’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ‘மோ தி மான்ஜே’, சாப்பிட்டேன். ‘மோ பூ மான்ஜே’, சாப்பிடுவேன். வினைச்சொல் அசையாமல் நிற்க, முன்னால் வரும் ஒரு சின்னச் சொல் காலத்தைச் சொல்லிவிடுகிறது. இதைப் போய் ‘உடைந்த பிரெஞ்சு’ என்கிறார்களே, எனக்கு ஆத்திரம் வருகிறது.

1810இல் வந்த பிரிட்டிஷார் பிரெஞ்சு மொழியையும் சட்டத்தையும் தொடவில்லை. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புக் காட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். அவர்களும் இந்த மொழிக்குள்தான் வந்து சேர்ந்தார்கள், சும்மா வரவில்லை. கறிவேப்பிலை அங்கே ‘கரிப்புலே’, முருங்கைக்கீரை ‘பிரெட் மூரூம்’. நம் அடுப்படி அந்த மொழிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1968இல் விடுதலை. நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம் என்றது அரசியலமைப்பு. கிரியோலைப் பற்றி மூச்சில்லை. தொடக்கப் பள்ளிக்குள் அது வந்தது 2012இல்தான், அதுவும் விருப்பப் பாடமாக. அதே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இன்னொரு தீவு நாடான செஷல்ஸ் 1982லேயே கிரியோலில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. வீட்டில் ஒரு மொழி, செய்தித்தாளில் பிரெஞ்சு, பரீட்சையில் ஆங்கிலம் என்று அல்லாடும் ஆறு வயசு மொரீஷியஸ் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அடிமைகளின் மொழி என்ற இளக்காரம்தான் இத்தனை வருஷத்தைத் தின்றது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழை எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். மூன்று வரிக்கும் கீழே, கிரியோலில் நூறு ரூபாய் என்பதற்கு ‘சான் ரூப்பி’ என்று நாலாவதாக ஒரு வரி வரட்டும். அந்த நோட்டையும் இதே பெருமையோடு பகிர்வேன்.