பரப்பளவுப் பிழைக்குக் காரணம் க்யூஜிஐஎஸ் அன்று

"வரைபடத் தரவுக் கோப்பான ஷேப்ஃபைலைத் திறக்கவே கட்டண மென்பொருள் வேண்டும், இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் பரப்பளவைத் தவறாகக் காட்டும்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது புதிதாகத் தொடங்குவோரை வீண் செலவில் தள்ளிவிடும் என்பதால் இந்தத் திருத்தம்.

முதல் பாதி எளிது. க்யூஜிஐஎஸ் மட்டுமன்றி, 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோவும் ஷேப்ஃபைலைத் திறக்கும்.

பரப்பளவுதான் விளக்கம் வேண்டுவது. வரைபட அடுக்கு டபிள்யூஜிஎஸ் 84 என்னும் அட்சரேகை-தீர்க்கரேகை முறையில் இருக்கும்போது, பூமியைத் தட்டையாகக் கருதிச் சமதளக் கணக்கீடு செய்யும் சார்பைப் பயன்படுத்தினால், விடை சதுர மீட்டரில் அல்லாமல் சதுர பாகையில் வரும். சுமார் 400 ஹெக்டேர் ஏரி ஒன்றுக்கு எனக்கு 0.00033 என்று வந்தபோது நானும் மென்பொருளைத்தான் திட்டினேன். அடுக்கை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிச் சேமித்துக் கணக்கிட்டால், அல்லது பூமியின் வடிவமான நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்ட $ஏரியா ($area) சார்பைப் பயன்படுத்தினால், சரியான விடை கிடைக்கும். யூடிஎம்மிலும் மண்டலத்தைக் கவனிக்க வேண்டும்: 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்வதால், கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்திலும் சென்னை 44-ஆம் மண்டலத்திலும் விழுகின்றன.

கட்டண மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவிலும் சமதளக் கணக்கு, புவிப்பரப்புக் கணக்கு என்று இரண்டும் தனித்தனியே உண்டு. எதைத் தேர்வது என்பதை அங்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலகம் முழுவதும் அதிலேயே இயங்குகிறது என்றால் அதை வாங்குவது நியாயம், பரப்பளவுக்காக வேண்டாம்.