ஆம், நான் மூட்டை எண்ணியவன்தான்

ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் பார்த்தீர்கள், இல்லாதவர்களுக்கும் இதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்தபடி கைப்பேசியை நீட்டி, அகமதாபாத் விமானம் ஏறாமல் இறங்கிய காணொளியை ஓட்டிக் காட்டி, "ஃபிளாப் போட மறந்துவிட்டான், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று தீர்ப்பு எழுதினார் ஒரு பெரியவர். ஃபிளாப் என்பது, கிளம்பும்போது கூடுதல் தூக்குவிசை கிடைக்க இறக்கையிலிருந்து கீழிறக்கும் மடல். அப்படியில்லை என்று நான் வாயைத் திறந்ததும், "நீங்கள் மூட்டை எண்ணியவர்தானே சார்" என்றார். விமானத்தில் ஏறும் சரக்கின் எடையைக் கணக்குப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விமானம் ஏறவில்லை என்பது காரணம் அல்ல, காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. டைபாய்டா மலேரியாவா என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் மருத்துவரிடம் போவீர்களா?

ஃபிளாப் இல்லாமல் கிளம்பி விழுந்த விமானங்கள் உண்டு. 1987இல் டெட்ராய்ட், 2008இல் மாட்ரிட். மாட்ரிட்டில் 154 பேர் இறந்தார்கள். அலறியிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒலியும் அன்று அலறவில்லை. ஆனால் அகமதாபாத்? 2025 ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கையைப் படியுங்கள். ஃபிளாப் நெம்புகோல் 5 டிகிரியில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. எடை 2,13,401 கிலோ, அனுமதி 2,18,183. தரையை விட்ட சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'கட்-ஆஃப்' நிலைக்குப் போயின. ஏன் போயின என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. "ஏன் அணைத்தாய்?" என்று ஒரு விமானி கேட்டதும், "நான் செய்யவில்லை" என்று மற்றவர் சொன்னதும் பதிவாகியிருக்கின்றன, யார் கேட்டது, யார் சொன்னது என்றுகூட அதில் இல்லை. ஆகவே "சரி, அப்படியானால் பைலட்தான்" என்று அடுத்த கிளைக்குத் தாவ வேண்டாம்.

மூட்டை எண்ணுவதற்கு வருகிறேன். லோட் ஷீட்டில், அதாவது விமானத்தின் எடைக் கணக்குத் தாளில், இருக்கும் எடையை வைத்துத்தான் எஞ்சினை எவ்வளவு முடுக்குவது, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்று விமானிகள் முடிவு செய்கிறார்கள். எடை குறைவென்றால் எஞ்சினை முழுதாக முடுக்குவதில்லை, தேய்மானம் மிச்சம். 2009இல் மெல்பர்னில் 362.9 டன் என்பது 262.9 என்று கணினியில் ஏறியது. ஓர் இலக்கம்! அந்த ஏர்பஸ் வாலைத் தேய்த்துக்கொண்டு, ஓடுதளம் முடிந்த பிறகும் தரையிலேயே ஓடி, எதிரே இருந்த விளக்குகளை இடித்துத் தட்டுத்தடுமாறி எழும்பியது. உயிர்ச்சேதம் இல்லாமல் திரும்பி இறங்கியது அதிர்ஷ்டம்.

நான் வேலையில் இருந்த நாளில், ஒரு மே மாத நண்பகல். வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் வலு குறையும். முன்பக்கம் போக வேண்டிய சரக்கைப் பின்பக்கம் ஏற்றியிருந்தார்கள். வால் கனத்தால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும். நிறுத்தச் சொல்லி, இறக்கி மாற்ற வைத்தேன். தாமதத்துக்குப் பயணிகள் திட்டினார்கள், மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. விமானம் ஒழுங்காக ஏறிப் போனது. ஒழுங்காக ஏறிப் போன விமானத்தை யார் காணொளி எடுக்கிறார்கள்?

"துறைக்காரன் துறைக்காரனைக் காப்பாற்றுகிறான்" என்றும் ஒரு குரல் வந்தது. 1993இல் அவுரங்காபாத்திலிருந்து நம் பம்பாய்க்குக் கிளம்பிய போயிங் 737, ஓடுதளத்துக்கு அப்பால் சாலையில் போன பருத்தி லாரியில் மோதியது. 55 பேர் இறந்தார்கள். விமானிகள் மூக்கைத் தாமதமாகவும் தவறான முறையிலும் தூக்கினார்கள், விமானம் கிளம்பும் நேரத்தில் சாலைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தாததும் குற்றம் என்று விசாரணை சொன்னது. விமானிகளின் பிழை என்று நானும் உரக்கச் சொல்வேன். விசாரித்தல்லவா சொன்னார்கள்! பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லவில்லை.

பயணிக்குக் கேட்கும் உரிமை இல்லையா? இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லையே, தீர்ப்பல்லவா சொன்னீர்கள். அகமதாபாத்தில் செத்துப்போன அந்த இரண்டு விமானிகளுக்கும் வீடு இருக்கிறது. அந்த வீட்டாரும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். என் மனைவி பிரசவத்துக்குப் போன இரவில் நான் சாந்தாகுருஸ் விமான நிலையத்தில் சரக்கு எடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக மாலை கேட்கவில்லை. சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பதிவு நீளம் என்பவர்கள் தாண்டிப் போகலாம். "இருந்தாலும் ஃபிளாப்தான்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது.