பாஸ்தியானினி மேடையில் இறந்தாரா?

"இத்தாலியப் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல் பாடகர்) எத்தோரே பாஸ்தியானினி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா (இசை நாடக) மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்தார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

அப்படி விழுந்து இறந்தவர் லியனார்ட் வாரன் என்ற பாடகர். அவர் அமெரிக்கர், நியூயார்க்கிலேயே பிறந்தவர். 1960 மார்ச் 4 அன்று, இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ஃபோர்ட்சா தெல் தெஸ்தினோ' ஓபராவில் பெரிய தனிப்பாடலை முடித்த சற்று நேரத்தில் முகங்குப்புற விழுந்தார். நிகழ்ச்சி அத்தோடு நின்றது.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அன்று வாரன் ஏற்ற பாத்திரத்தின் பெயர் டான் கார்லோ. பாஸ்தியானினி கடைசியாக மேடையேறியதோ 'டான் கார்லோ' என்கிற ஓபராவில், அதே மெட்ரோபாலிட்டன் மேடையில், 1965 டிசம்பரில். அதில் அவர் பாடிய ரொட்ரிகோ சுடப்பட்டுப் பாடியபடியே சாகிறான்! சாவு நாடகத்தில்தான்.

பாஸ்தியானினி 1922இல் சியெனாவில் பிறந்தவர். 1945இல் பாஸ் எனும் கனத்த ஆண்குரலில் தொடங்கி, 1952இல்தான் பாரிட்டோனுக்கு மாறினார். மூன்றே ஆண்டில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் பாடகி மரியா காலஸுடன் 'லா திராவியாத்தா' ஓபராவில் பாடினார். ஊர்ப்பற்று மிகுந்தவர். சியெனா நகரின் பேட்டைகள் மோதும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் 'சிறுத்தை' என்ற பேட்டைக்குத் தலைவராக இருந்தார்.

தொண்டைப் புற்றுநோய் வந்ததை அவர் சக பாடகர்களிடம்கூடச் சொல்லவில்லை. குரல் தளர்ந்துவிட்டது என்று குறை கூறியவர்களுக்குக் காரணம் தெரியாது. 1967 ஜனவரி 25 அன்று இத்தாலியின் சிர்மியோனேயில், 44 வயதில் இறந்தார்.