கம்பளியை ஜனவரிக்கு எடுத்து வையுங்கள்

நீலகிரியில் உள்ள கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கும், டிசம்பர் வந்தால் பஸ் நிறையப் பிள்ளைகளோடு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் சமவெளிக் கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸ் சேவை என்று நீங்கள் செய்வதை டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து எடுத்து ஜனவரிக்குக் கொண்டுபோங்கள். யாருக்கு, என்ன, எப்படிக் கொடுப்பது என்ற முடிவை அந்தந்த ஊரிலிருந்து உங்களிடம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளிடம் விடுங்கள்.

நான் எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள். மிஷன் பள்ளியில் படித்தேன். இப்போது இதே மலையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் பார்த்திருக்கிறேன். கொடுக்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் மாதக் கல்லூரியைப் போல எனக்குப் பிடித்தது வேறில்லை. பிள்ளைகள் பைன் காய்களைப் பொறுக்கி வந்து வண்ணம் பூசிக் குடில் கட்டுவார்கள். கேரல் ஆராதனை அன்று மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும், மேகம் இறங்கிச் சிற்றாலய ஜன்னல் வரை வந்து நிற்கும். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒன்பது வேதபாடம், ஒன்பது பேர் வாசிப்பு. இந்த ஆராதனை முறை 1880-ல் இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் தொடங்கியது, 1918-க்குப் பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி வழியாக உலகம் முழுக்கப் போனது. எங்களிடம் முதல் வாசிப்பை முதலாம் ஆண்டு மாணவி வாசிப்பாள். நடுவில் மெஸ் அக்கா ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர், கடைசியில் முதல்வர். தமிழ்க் கீர்த்தனை ஒன்று, ஆங்கிலப் பாடல் ஒன்று, இந்த மலையின் படுகர்கள் பேசும் படுக மொழியில் ஒன்று என்று மாறி மாறி வரும். பாடகர் குழுவில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்கள்தான் ஒத்திகைக்கு முதலில் வந்து நிற்பார்கள். அதே பருவத்தில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும்போது படுகப் பிள்ளைகள் எங்களை ஹட்டிக்கு, அதாவது தங்கள் ஊருக்கு அழைத்துப்போவார்கள், வெள்ளை உடுத்திய கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்த மலையில் கிறிஸ்தவக் கல்வி, கேத்தியில் பாசல் மிஷன்காரர்கள் படுகர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த 1840களிலிருந்து இருக்கிறது. இவ்வளவு நாளும் அது நிலைத்ததற்கு இப்படி ஒருவர் பண்டிகைக்கு ஒருவர் போய்வருவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எனக்கு மனத்தாங்கல் கேரல் ஆராதனைக்கு மறுநாள் நடப்பதில்.

பஸ் கிளம்பும். முகப்பில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கும். ஒரு எஸ்டேட் லைனுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய் இறங்குவோம். முதல் நாளே டோக்கன் கொடுத்திருப்பார்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்கள் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். வரவேற்புரை, ஒரு பாட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா, சிறப்பு விருந்தினர் பேச்சு. அப்புறம் ஒவ்வொருவராக மேடையேறி, கம்பளியின் ஒரு முனையை விருந்தினரும் மறுமுனையைத் தானும் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுத்து முடியும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு கம்பளியும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். இந்த மாவட்டத்தில் தண்ணீர் பாட்டிலைக்கூடச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நாமோ பண்டிகைப் பெயரில் அத்தனை உறையை லைனில் போட்டுவிட்டு வருகிறோம்.

அப்படிப் போன ஒரு வருஷம் பஸ் லைனுக்குள் திரும்பும்போது முன் சீட்டிலிருந்த மாணவி ஒருத்தி என் பக்கம் குனிந்து, "மிஸ், நான் பஸ்லயே இருந்துக்கறேன்" என்றாள். தலைவலியா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். ஜன்னலைப் பார்த்தாள். வரிசையில் நாலாவதாக, தலையில் மப்ளர் சுற்றி, கையில் டோக்கனோடு அவளுடைய அம்மா நின்றார். அந்தக் கைகளை நான் பார்த்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, விரல் நுனி வெடித்த கை. அந்தக் கை சம்பாதித்துக் கட்டிய ஃபீஸில்தான் அவள் எங்கள் கல்லூரி யூனிஃபார்ம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

இது அபூர்வமாக நடந்தது இல்லை என்பதைத்தான் எல்லோரும் யோசிக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ ஒரு பெரிய கல்லூரி சேவைக்குக் கிளம்பினால், போகிற இடமும் வருகிற மாணவரும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே அப்படியில்லை. குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த லைனிலிருந்து, அந்த ஹட்டியிலிருந்து, அந்தக் கேரட் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நாம் 'பயனாளி' என்று நோட்டீஸில் அச்சடிப்பது நம் மாணவரின் அம்மாவையும் தாத்தாவையும்.

அந்தத் தாத்தாக்களின் கதையும் கல்லூரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் அவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டை விட வேண்டுமே என்ற கவலை இன்றும் அந்தக் குடும்பங்களில் இருக்கிறது. அங்கே போய் பதினைந்து நிமிடப் பேச்சில் அன்பைப் பற்றி விளக்கிவிட்டு வருவது சேவையின் தொடக்கம்கூட இல்லை.

சரி, ஏன் ஜனவரி?

மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே இருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டிசம்பர் முதல் பாதியில் வடகிழக்கு மழையின் மிச்சம் இருக்கும், வானம் மூடியிருக்கும். குளிர்தான், ஆனால் மேகம் போர்வை மாதிரி கிடப்பதால் கொல்லாது. மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகுதான் உறைபனி முழு வேகத்தில் இறங்கும். காற்றும் மேகமும் இல்லாத ராத்திரி, தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்தரை வெள்ளையாக இருக்கும். அந்தப் பனி தேயிலையின் கொழுந்தைக் கருக்கிவிடும். கருகினால் பறிக்க இலை இல்லை. இலை இல்லையென்றால் தற்காலிகத் தொழிலாளிக்கு வேலை நாள் இல்லை, சிறு விவசாயிக்கு ஃபேக்டரிக்கு அனுப்பப் பச்சைத் தேயிலை இல்லை. ஆக, குளிர் அதிகமாகும்போதே கையில் காசும் குறைகிறது. ஜனவரி, பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் லைன் பக்கம் ஒரு கல்லூரி பஸ்ஸையும் பார்க்க முடியாது. டிசம்பரிலோ ஒரே முதியோர் இல்லத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகள் கேக்கோடு வந்து நிற்கும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற பாட்டிகள் அத்தனை கேக்கை என்ன செய்வார்கள்?

செமஸ்டர் பரீட்சை, விடுமுறை என்று சொல்வார்கள். அதுவும் ஜனவரிக்குத்தான் சாதகம். நவம்பர், டிசம்பர் பரீட்சையும் பண்டிகை லீவும் பொங்கலும் முடிந்துவிட்டால், அடுத்த பரீட்சை ஏப்ரலில். பிள்ளைகளிடம் நேரம் இருக்கும். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் வருஷத்துக்கு 120 மணி நேரம் கேட்கிறது, ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த மணி நேரத்தையெல்லாம் ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகளில் ஒரே லைனில் செலவழித்துப் பாருங்கள்.

நன்கொடையாளர்கள் கிறிஸ்துமஸுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு ரசீது கொடுங்கள், ஜனவரியில் செலவழியுங்கள். இதில் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. பிறந்த ராத்திரி மேய்ப்பர்கள் வந்தார்கள், அவர்கள் பொருள் எதுவும் கொண்டுவந்ததாக லூக்கா எழுதவில்லை. பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த சாஸ்திரிகள் (கிழக்கிலிருந்து வந்த ஞானிகள்) பிற்பாடுதான் வந்து சேர்ந்தார்கள். சபை அதை ஜனவரி 6-ல் பிரசன்னத் திருநாளாக நினைவுகூருகிறது. கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25-ல் முடிவதே இல்லை, அன்றைக்குத்தான் தொடங்குகிறது. இதைச் சிற்றாலயத்தில் பிரசங்கமாகச் சொல்கிற நாமே சேவைப் பட்டியலை டிசம்பர் 15-க்குள் மூடிவிடுகிறோம்.

என்ன செய்யலாம் என்றால், கம்பளி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டு, யார் வீட்டில் இல்லை என்று கேட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மேடையும் டோக்கனும் போட்டோவும் வேண்டாம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவரின் பிறந்தநாள் அது.

கம்பளியைவிடப் பெரிய தேவைகள் காகிதத்தில் இருக்கின்றன. வருஷக்கணக்கில் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்து போகிறது. ரேஷன் கடையில் மெஷின் மேல் விரலை வைத்தால் விழாது. துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி வைத்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, ஒரு பாட்டி அரிசி வாங்காமல் திரும்பிப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆதாரில் ரேகையைப் புதுப்பிக்கவும் கருவிழிப் பதிவு கேட்கவும் அந்தப் பாட்டியோடு ஒரு மாணவி டவுனுக்குப் போய்வந்தால், அது அவருக்கு வருஷம் முழுக்க அரிசி. முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஏதோ ஒரு சான்றிதழ் இல்லாமல், ஏதோ ஒரு பெயர் எழுத்துப் பிழையால், அதற்கு விண்ணப்பிக்காமலே இருக்கும் முதியவர்கள் லைனுக்கு லைன் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம், 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உதவி பெறும் மிஷன் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களும் அதில் வருவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறது என்று நம் அலுவலகம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாலே அது ஒரு சேவை. வணிகவியல் மாணவிகள் ஒரு மேஜை போட்டால் போதும்.

உயிர் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் அறையை இறுக மூடி, உள்ளே கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றிய செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. வேதியியல் மாணவர்கள் வீடு வீடாகப் போய், தணலைப் படுக்கும் முன் வெளியே வைத்துவிடுங்கள், ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள் என்று சொல்லட்டும். வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களிடம் அவர்கள் மொழியிலேயே சொல்ல, விடுதியில் இந்தி தெரிந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

பஸ்ஸில் இருந்துகொள்கிறேன் என்ற அந்த மாணவி இப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். அவளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "மிஸ், எங்க லைன்ல யாருக்கு என்ன வேணும்னு எனக்குத்தானே தெரியும், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே முன்னாடி நின்னு செஞ்சிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்றுதான் எனக்குப் புரிந்தது.

முதல்வர்கள், செயலர்கள், ஆயர்கள் யாராவது இதைப் படித்தால்: கிறிஸ்துமஸ் கமிட்டி கூட்டம் எப்படியும் நவம்பரில் போடுவீர்கள். எஸ்டேட்டிலிருந்தும் ஹட்டியிலிருந்தும் வரும் மாணவர்கள் நாலு பேரை அந்தக் கூட்டத்தில் உறுப்பினராக உட்கார வையுங்கள். ஃபிளெக்ஸ், மேடை, விருந்தினர் சால்வைக்கு ஒதுக்குகிற தொகையை ஆதார், ரேஷன், பென்ஷன் வேலையாக டவுனுக்கு வரும் பெரியவர்களின் பஸ் சார்ஜுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மாற்றுங்கள். சேவை நாள் என்று காலண்டரில் குறிக்க வேண்டியது பொங்கல் லீவு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை. இந்த வருஷம் செய்யப்போகிற கல்லூரிகள் கீழே எழுதுங்கள், எந்தப் பகுதி என்றும் போடுங்கள். ஒரே லைனுக்கு எல்லோரும் போகாமல் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் தூரம் என்று யாரும் போவதில்லை, அங்கிருந்து தொடங்க முடிந்தால் நல்லது.