டெங்குவுக்குச் செபலெக்சின் குளிசையா?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு செய்தி சுற்றுகிறது: “காய்ச்சல் வந்த அன்றே செபலெக்சின் போட்டால் டெங்கு அண்டாது. செபிக்சிம் மூன்றாம் தலைமுறை, அது இன்னும் பலம்.” இரண்டுமே பிழை.

இவை செபலோஸ்போரின் குடும்பத்து அன்டிபயோட்டிக்குகள். பக்டீரியா தன்னைச் சுற்றிக் கலச்சுவர் கட்டும்போது, அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியத்தில் இம்மருந்து ஒட்டிக்கொள்கிறது. பிணைப்பு நின்றுவிடும், உள்ளமுக்கம் தாங்காமல் பக்டீரியா வெடித்துவிடும். டெங்கு வைரஸ். அதற்குக் கலச்சுவரே இல்லை. அப்புறம் மருந்து எதைப் பிடிக்கும்?

சரி, தலைமுறை? அது பலத்தின் அளவல்ல. தோலில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபிலோகொக்கஸை முதலாம் தலைமுறைச் செபலெக்சின் நன்றாக அடக்கும். செபிக்சிம் அங்கே பலவீனம். சிறுநீர்த் தொற்றைத் தரும் ஈ.கோலை போன்றவற்றில் செபிக்சிமின் வீச்சு கூட. சூடோமோனாஸ் என்ற பக்டீரியாவை இரண்டும் அசைக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எது பலம் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

எனக்குக் கவலை, லாச்சியில் கிடக்கும் மிச்சக் குளிசையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகளைப் பற்றித்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தானது. குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசிவது அப்போதுதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தக் குளிசையே ஆபத்தாகலாம்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், உரிய அளவில். இபுபுரோபன், அஸ்பிரின் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு கண்டால் நாள் எண்ணாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.