முதல் 500 மணி நேரத்தை யார் தருவது?

இன்றைக்கும் ஒரு விமான நிறுவனத்துக்கு பைலட் வேலைக்கான விண்ணப்பம். லைசென்ஸ் எண், மெடிக்கல் தேதி எல்லாம் நிரப்பியாயிற்று. 'ஏ320இல் பறந்த மணி நேரம்' என்ற கட்டத்தில் 0 போட்டேன் (ஏ320 என்பது ஏர்பஸ் பயணிகள் ஜெட் விமானம்). குறைந்தது 500 வேண்டும் என்று சிவப்பில் வந்தது. அதற்கு மேல் பக்கம் நகரவே இல்லை.

பைலட் வேலை இல்லாதவனுக்கு ஏ320இல் 500 மணி நேரம் எங்கிருந்து வரும்? சின்ன செஸ்னா விமானம் மாதிரி வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற விமானமா அது? வேலை கொடுத்தால்தானே மணி நேரம் சேரும்! டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சியை, சொந்தச் செலவில் முடித்துவிட்டு வா என்றீர்கள், விமான நிறுவனக்காரர்களே. கடன் வாங்கி முடித்தேன். இப்போது அந்தப் பயிற்சியில் சிமுலேட்டரில் ஓட்டிய மணி நேரம் கணக்கில் வராதாம். இதை முன்னாடியே சொல்வதற்கென்ன?

'பைலட் தட்டுப்பாடு' என்று செய்தி வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் போன் பண்ணுகிறார்கள். தட்டுப்பாடு அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான், 200 மணி நேரத்தோடு லைசென்ஸ் வாங்கி நிற்கிறவனுக்கு இல்லை என்று எத்தனை பேருக்கு விளக்குவது?

அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே நடந்த விபத்தில் 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 2013இல், கோ-பைலட் ஆகவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1500க்கு மேல் இருந்தது! பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஆளைக் கூப்பிட்டு சோதித்துப் பாருங்கள் என்கிறேன்.

காத்திருப்பதற்கும் காசு வேண்டும், அதுதான் வயிற்றெரிச்சல். மற்றவர்கள் படித்த பட்டம் அலமாரியில் கிடந்தாலும் பட்டம்தான். எங்களுக்கு கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்று 12 மாதத்தில் முடிந்துவிடும். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லையென்றால் பயணியை ஏற்றக் கூடாது. அதற்காகவே இப்போது பார்க்கிற வேறு வேலையின் சம்பளத்தை மிச்சம் பிடித்து செஸ்னா 172 எடுக்கிறேன். மூன்று சுற்று, இறங்கிவிட வேண்டியதுதான். போன தடவை, பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் எழுதியது 0.6 மணி நேரம். அந்த 0.6க்குப் பின்னால் இரண்டு மாத நைட் ஷிஃப்ட் இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நேர்காணல்தான் கிடைத்தது. எதிரே உட்கார்ந்தவர் லாக்புக்கைப் புரட்டிவிட்டு, "லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, ஏன் இவ்வளவு கொஞ்சம் பறந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

யாரும் எடுக்கவில்லை சார், அதனால்தான்!