ஊத்து வந்தா கலை, வேப்பிலை ஆடுனா காமெடி

ஞாயித்துக்கிழமை எங்க சினிமா குரூப் ஸ்கிரீனிங்ல ஒரு பேய்ப்பட கிளிப்பப் பாத்து ஹாலே சிரிச்சுது, அதுக்கு நான் குரூப்ல காட்டமா ஒரு மெசேஜ் போட்டேன். என்ன நடந்துச்சுன்னு குரூப்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். இல்லாதவங்களுக்கும் இந்நேரம் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். "ஒரு பேய்ப்பட கிளிப்புக்குப் போயி இவன் எதுக்கு இவ்ளோ குதிக்கறான்"னு ரெண்டு பேரு தனியா மெசேஜ் வேற போட்டிருக்காங்க. தனித்தனியா பதில் சொல்லிட்டிருக்க முடியாது, இங்கயே எழுதிடறேன். நீளமாத்தான் போகும்.

காலைல போட்டது ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட 'தி வர்ஜின் ஸ்பிரிங்', 1960ல வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் லோ பட்ஜெட் பேய்ப்படங்கள்ல பழிவாங்கலும் பக்தியும்னு எங்க குரூப்ல சினிமா பத்திப் பேசற அண்ணனோட பேச்சு, நடுநடுவுல கிளிப். ஒரே ஹாலு, ஒரே பிளாஸ்டிக் சேரு, ஒரே நாப்பது பேரு. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

காலைப் படத்துல என்ன நடக்குது? கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொண்டு போற பொண்ண ஆடு மேய்க்கறவனுங்க காட்டுல கெடுத்துக் கொன்னுடறானுங்க. அதே ராத்திரி தெரியாம அவ வீட்டுக்கே வந்து தங்கி, அவ உடுப்பையே அவ அம்மாகிட்ட விலை பேசறானுங்க. அப்பன் ஒரு இளம் பிர்ச் மரத்த வேரோட சாய்க்கறான், அந்தக் கெளையால ஒடம்ப அடிச்சுக் குளிக்கறான், கத்திய எடுக்கறான், எல்லாத்தையும் முடிக்கறான், அதுல ஒண்ணும் செய்யாத சின்னப்பையன் ஒருத்தனும் சேத்தி. அப்புறம் மகளோட பொணத்துக்கிட்ட போயி, நீ பாத்துட்டுத்தானே இருந்த, எனக்குப் புரியல, ஆனாலும் இந்தக் கையாலயே ஒனக்கு இங்க கோயில் கட்டறேன்னு கடவுள்கிட்ட சொல்றான். பொண்ணோட தலையத் தூக்கறாங்க, அது கெடந்த எடத்துல ஊத்து பொங்குது. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பின்னாடி யாரோ மூக்க உறிஞ்சுனாங்க. லைட் போட்டும் அண்ணன் ஒரு நிமிசம் பேசவே இல்ல.

மத்தியானம் ஒரு கிளிப். படத்து பேரு வேண்டாம், அந்த டைரக்டர இன்னொரு தடவ சிரிப்புக்கு ஆளாக்க எனக்கு இஷ்டம் இல்ல. புருசன் வீட்ல எரிச்சுக் கொன்ன பொண்ணு பேயா வந்து ஒவ்வொருத்தனா முடிச்சுட்டு, கடைசில அம்மன் கோயில் வாசல்ல நிக்குது. மணி தானா அடிக்குது, காத்தே இல்லாம வேப்பிலை ஆடுது, அம்மன் கையில இருந்த சூலம் பறந்து வந்து மிச்சமிருந்த வில்லன் நெஞ்சுல எறங்குது. ஹாலே வெடிச்சு சிரிச்சுது. அண்ணன் பாஸ் பண்ணி, "நல்லா பாருங்க, சூலத்துல கட்டுன கயிறு தெரியுது"ன்னாரு. மறுபடியும் சிரிப்பு.

தெரியுதுங்க. கயிறு தெரியத்தான் செய்யும். ஒரு பங்களா, ஒரு புகை மிஷினு, லைட்டுக்கு முன்னாடி ஒட்ட ஒரு செகப்பு பேப்பரு, கண்ணுக்கு ஒரு வெள்ளை லென்ஸு, இத வச்சுக்கிட்டு எடுத்த படத்துல கயிறு தெரியாம வேற என்ன தெரியும்? என் கேள்வி கயிறு பத்தியே இல்ல. பொணத்துக்கு அடியில தண்ணி வந்தப்ப கைகட்டி உக்காந்திருந்த அதே நாப்பது பேரு, வேப்பிலை ஆடுனப்ப ஏன் சிரிச்சாங்க? ரெண்டுமே பழிவாங்கல்தான். ரெண்டு எடத்துலயும் சாமி வந்து பதில் சொல்லுது. அது மட்டும் கலை, இது மட்டும் காமெடியா?

அண்ணன் அன்னிக்கே சொல்லியிருக்கலாம், சொல்லல, நான் சொல்றேன். பெர்க்மன் படமே ஒரு பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்பாட்டுல இருந்து எடுத்ததுதான். ஒரு ஊரு மக்கள், இந்த ஊத்து எப்படி வந்துச்சு, இந்தக் கோயில் எப்படி வந்துச்சுன்னு பாடி வச்ச கதை. நம்மூரு தலபுராணம்தானே சாமி அது? அதுக்குப் பின்னாடி ஒளிப்பதிவாளர் நிக்விஸ்டோட கேமரா நின்னுச்சு, ஆஸ்கர் கெடச்சுது, நாம மூக்க உறிஞ்சறோம்.

இதே கதைய 1972ல அமெரிக்க டைரக்டர் வெஸ் கிரேவன் 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்'னு எடுத்தாரு. ஏறக்கொறைய தொண்ணூறாயிரம் டாலர்ல முடிச்ச படம். மனுசன் சினிமாவே பாக்கக்கூடாதுன்னு சொல்ற கட்டுப்பெட்டியான பாப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துல வளந்தவரு. அவர் படத்துலயும் அந்தப் பொண்ணு ஏரித் தண்ணிக்குள்ள நடக்கறதுக்கு முன்னாடி ஜெபம் சொல்லுது. ஒருத்தரும் வரல. அப்பனும் ஆத்தாளும் வெறி புடிச்சுக் கொல்றாங்க, முடிஞ்சுது. ஊத்தும் இல்ல, கோயிலும் இல்ல. அண்ணன் இத "துணிச்சலான மத விமர்சனம்"னாரு. சரிங்ணா. அப்ப நம்பிக்கை இருந்தா கலை, நம்பிக்கை இல்லேன்னா விமர்சனம், நம்மாளு நம்புனா மட்டும் மூடநம்பிக்கை. நல்லாருக்கு கணக்கு.

பேயா வந்து பழிவாங்கற பொண்ணு ஒண்ணும் சினிமா கண்டுபுடிச்சது இல்ல. பழையனூர் நீலி யாரு? புருசன் கொன்ன பொண்ணு. கள்ளிக்கட்டைய கொழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, மறுபிறவிலயும் அவனத் தேடி வந்து ஊரு பஞ்சாயத்துல நிக்கறா. எழுபது வேளாளர், அவனுக்கு ஒண்ணும் ஆகாது, அப்படி ஆச்சுன்னா எங்க உசுரு ஜாமீன்னு வாக்கு குடுத்தாங்க, அவ முடிச்சுட்டா, குடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீக்குள்ள எறங்குனாங்க. கள்ளிக்கட்டைய கொழந்தையாக்குனதவிட லோ பட்ஜெட் கிராபிக்ஸ் உலகத்துல உண்டா? அதுல கயிறு தெரியுதான்னு யாரும் தேடலயே.

இப்ப என் சொந்தக் கதை ஒண்ணு. புடிக்காதவங்க அடுத்த பத்தியத் தாண்டிப் போயிடுங்க.

எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, பதினெட்டாயிரம் ரூபா சீட்டு கட்டியிருந்துச்சு, சித்தி கல்யாணத்துக்குன்னு. பால் ஊத்துன காசு. சீட்டு புடிச்சவன் ஏமாத்திட்டான். அம்மிச்சி ஸ்டேஷனுக்குப் போச்சு. ரசீது இருக்கான்னு கேட்டாங்க, இல்ல. அப்பறம் வா ஆத்தான்னாங்க. நாலு தடவ அப்பறம் போச்சு. அஞ்சாவது தடவ ஸ்டேஷனுக்குப் போகாம, என்னைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போச்சு. அங்க நீதிக்கல்லுன்னு ஒண்ணு இருக்கும், அநியாயம் நடந்தவங்க மொளகா அரைச்சு அதுல பூசுவாங்க. அம்மிச்சி ஒரு சத்தம் போடல, அழுகல, மசாலா அரைக்கற மாதிரியே நிதானமா அரைச்சு, வழிச்சு, பூசுச்சு. கை எரிஞ்சிருக்கும். கேட்டேன், "எரியலையா அம்மிச்சி?" "அவனுக்கு எரியட்டும் கண்ணு"ன்னுச்சு.

அந்த மாசாணியே யாருங்க? தோட்டத்து மாங்காயத் தின்னதுக்கு ராஜா கொன்ன பொண்ணுன்னு கோயில் கதை சொல்லுது. குறுந்தொகையில பரணர் பாட்டு இருக்கு, 292வது. ஆத்துத் தண்ணியில வந்த பச்சங்காயத் தின்ன பொண்ணுக்கு பதிலா எண்பத்தோரு யானையும் அவ எடைக்கு எடை தங்கப் பாவையும் தர்றோம்னாங்க, நன்னன்ங்கற ராஜா ஒத்துக்கல, கொன்னுட்டான், 'பெண்கொலை புரிந்த நன்னன்'னு ரெண்டாயிரம் வருசமா திட்டு வாங்கிக்கிட்டிருக்கான். நன்னனத் தட்டிக்கேக்க எந்த ஸ்டேஷனும் இல்ல. அதனால கொன்ன பொண்ணையே சாமியாக்கி, மத்தவங்களுக்கு நீ கேளுடி ஆத்தான்னு உட்டுட்டாங்க.

அந்த வருசமே எங்கூரு டெண்ட் கொட்டாயில இதே மாதிரி ஒரு பேய்ப்படம். அம்மிச்சி, சித்தி, நானு, மண்ணு குமிச்சு உக்காந்து பாத்தோம். படம் முழுக்க அம்மிச்சி முந்தானைய கைக்குள்ள சுருட்டிப் புடிச்சிருந்துச்சு. வில்லன் நெஞ்சுல சூலம் எறங்குனப்பதான் அந்தக் கை பிரிஞ்சுது. பக்கத்துல ஒரு அக்காவுக்கு சாமியே வந்துடுச்சு, தண்ணி தெளிச்சு உக்கார வச்சாங்க. யாரும் கயிறு பாக்கல. கயிறு இருந்திருக்கும்.

கமெண்ட்ல என்ன வரும்னு தெரியும், முன்னாடியே சொல்லிடறேன். "அப்ப மூடநம்பிக்கைக்கு வக்காலத்தா?" எங்க வீட்டு ஹால்ல பெரியார் படம் மாட்டியிருக்கு, நான் கோயிலுக்குப் போயி எத்தனையோ வருசம் ஆச்சு. மொளகா அரைச்சா காசு வரும்னு நான் சொல்லவே இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பள, புகார வாங்காத ஒரு எடத்துல இருந்து வாங்கற ஒரு எடத்துக்குப் போச்சுன்னு சொல்றேன். அந்தப் படங்க அந்தப் புகார வாங்கிக்கிச்சு. அவ்ளோதான். இதுல வக்காலத்து எங்க வந்துச்சு?

"அந்தப் படங்கள்ல பொண்ண கெடுக்கற சீன அஞ்சு நிமிசம் காட்டி காசு பாத்தாங்களே, அது என்ன பக்தி?" இது ஒரு தோழி கேட்டது. உண்மை. மழைப் பாட்டு, கிழிஞ்ச ஜாக்கெட்டு, எல்லாம் இருந்துச்சு, அந்த எடத்துல அம்மிச்சி என் கண்ணப் பொத்தும். இதுக்கு என்கிட்ட சரியான பதில் இல்ல. ஆனா கிரேவன் படத்துலயும் அதான இருக்கு, அத மட்டும் எப்படி பொறுமையா 'டிஸ்கஸ்' பண்றோம்? சரி, இது பதில் இல்லன்னு எனக்கே தெரியுது, உடுங்க.

"இப்ப வர்ற பேய்ப்படமும் அம்மன் கிராபிக்ஸோடதான வருது, அதையும் தூக்கிப் புடிப்பியா?" மாட்டேன். ஃபர்ஸ்ட் ஹாஃப் முழுக்க காமெடி, இன்டர்வெலுக்கு அப்பறம் பத்து நிமிச ஃப்ளாஷ்பேக், கடைசில முப்பதடி கம்ப்யூட்டர் அம்மன். கயிறு துளிகூட தெரியல, ஆனா எடுத்தவனுக்கு அந்த சாமி மேலயும் நம்பிக்கை இல்ல, செத்த பொண்ணு மேலயும் இல்ல. கயிறு தெரிஞ்ச படத்துல அது இருந்துச்சு. பூசை போட்டு, வெரதம் இருந்து, அம்மன் வேசம் போடற நடிகைக்கு செட்டுல கறி சாப்பாடு போடாம எடுத்த காலம் அது.

இதுக்கு மேல எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். அந்த சீட்டுக்காரன் நல்லாத்தான் இருக்கான். மாடி வீடு கட்டிட்டான், பேரனுக்கு மொட்டையடிச்சான், ஊருக்கே பத்திரிகை. அவனுக்கு எங்கயும் எரியல. நியாயம் கெடச்சா திரும்பப் போயி அம்மனுக்கு எண்ணெக்காப்பு செஞ்சு குளிர வைக்கணும்பாங்க. அம்மிச்சி போகவே இல்ல, போறதுக்கு வேலையே வரல. சாகறவரைக்கும் சனிக்கெழமையானா எண்ணெ தேய்ச்சுக் குளிக்கறப்ப, "இன்னும் அங்க ஊத்தலயே"ன்னு சொல்லும்.

இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை கயிறு தெரியுதுன்னு அண்ணன் சொன்னப்ப நானும் சிரிச்சேன். ஹாலே சிரிக்குதுன்னு வாய் தானா சிரிச்சுடுச்சு. குரூப்ல நான் போட்ட மெசேஜ் காட்டமா இருக்குன்னு சொல்றீங்களே, அந்தக் காட்டத்துல பாதி யாரு மேலன்னு இப்பவாவது தெரிஞ்சுக்கோங்க.

அட்மின் சாருக்கு: மெசேஜ நான் டெலிட் பண்ணல, நீங்க வேணும்னா பண்ணிக்கோங்க. டீ, வடை பங்கு நூத்தியம்பது ரூபா நேத்தே ஜிபே பண்ணிட்டேன், பாருங்க. அடுத்த மாச ஸ்கிரீனிங்குக்கு என் பேரச் சேக்க வேண்டாம்.